மரத்தில் செதுக்கி அச்சடித்த படத்துக்கு அப்படி என்ன வலு?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்டது:

"வுட்கட் என்றாலே எல்லாரும் உருகுகிறீர்கள். என் போனில் ஒரு போட்டோவைத் திறந்து த்ரெஷோல்ட் (சாம்பலை நீக்கிக் கருப்பும் வெள்ளையும் மட்டும் வைக்கும் வசதி) தட்டினால் அதே கருப்பு வெள்ளை, அதே முரட்டுத்தனம், பத்து வினாடியில் வந்துவிடுகிறது. பலகை, உளி, மை, விரலில் பேண்டேஜ் எல்லாம் எதற்கு? வெளிப்பாட்டு சக்தி என்று சொல்வதெல்லாம் கையால் செய்தோம் என்ற பெருமைதான் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்."

4 மே

வந்தேன்.

வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை நான் எடுத்த போட்டோவில் நீங்கள் சொன்னபடியே த்ரெஷோல்ட் போட்டேன். வெயில் விழுந்த இடம் வெள்ளை, விழாத இடம் கருப்பு. யாளியின் கோரைப்பல்லும் பின்னால் இருக்கும் வெறும் சுவரும் ஒரே வெள்ளையில் கலந்துவிட்டன. முன்னங்கால் நிழலோடு சேர்ந்து காணாமல் போனது. போனுக்கு வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும் தெரியும். எது பல், எது சுவர் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அதே படத்தைப் பலகையில் வெட்ட உட்கார்ந்தால் முதல் கேள்வியே அதுதான். பல் வெள்ளையாக வேண்டும். சுவரும் வெள்ளை. சரி, சுவரைக் கருப்பாக்கிவிட வேண்டியதுதான், அங்கே வெயில் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். சாம்பல் நிறம் கைவசம் இல்லாததால் ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். பென்சிலில் வரைகிறவர் சந்தேகம் வந்தால் லேசாகத் தேய்த்து மழுப்பலாம். இங்கே மழுப்ப இடமில்லை.

இன்னொன்று, திசை. வி வாய் உளியை மரத்தில் ஓட்டும்போது மெல்ல இறங்கி, ஆழம் கூடி, மறுபடி மேலே ஏறி வெளியே வரும். ஆழம் கூடக் கூடக் கோடு அகலமாகும். ஒரே வெட்டு ஒல்லியாகத் தொடங்கிப் பருத்து ஒல்லியாக முடியும். அந்த வெட்டுகளைக் கன்னத்தின் வளைவோடு ஓட்டினால் கன்னம் உருண்டு வரும், நேராக ஓட்டினால் முகம் சப்பையாகிவிடும். த்ரெஷோல்ட் போட்ட படத்தில் திட்டுகள் உண்டு, திசை கிடையாது. உங்கள் படத்தையும் நல்ல வுட்கட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இதைத்தான் முதலில் கவனிப்பீர்கள்.

5 மே

"சாம்பல் இல்லாததே வலு என்றால் அது குறைபாட்டுக்குப் பூச்சூட்டுவது" என்று வேறொருவர் கிண்டல் செய்திருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு நான் தத்துவம் பேசப் போவதில்லை, ஒரு ஆளைக் காட்டுகிறேன்.

கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மானியர். எச்சிங்கிலும் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சடிப்பது) லித்தோவிலும் (கல்லில் வரைந்து அச்சடிப்பது) ஏற்கெனவே பெயர் வாங்கியவர், சாம்பல் நிறத்தின் எல்லா நெளிவுசுளிவும் கைவந்தவர். 1919 ஜனவரியில் ஜெர்மன் இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் கொல்லப்பட்டபோது, குடும்பத்தார் அழைத்ததால் பிணவறைக்குப் போய் உடலை வரைந்தார். அதை வைத்து நினைவுப் படம் செய்ய முதலில் எச்சிங்கில் முயன்றார், சரிவரவில்லை. லித்தோவில் முயன்றார், அதுவும் திருப்தி தரவில்லை. 1920இல் பெர்லின் கண்காட்சி ஒன்றில் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் வுட்கட்டுகளைப் பார்த்த பிறகுதான் மரத்துக்கு மாறினார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. புது உளி, புது வேலை. கடைசியில் நமக்குத் தெரிந்த லீப்க்னெக்ட் படம் மரத்தில்தான் வந்தது: கீழே வெள்ளைத் துணி போர்த்திய உடல் கிடைமட்டமாக, மேலே குனிந்து நிற்கும் தொழிலாளர்கள், ஒருவர் கை இறந்தவரின் மார்பில்.

இதை ஒரு சோதனை என்றே எடுத்துக்கொள்ளலாம். விஷயம் ஒன்று, ஆள் ஒன்று, ஊடகம் மூன்று. தேர்ந்தவர், சாம்பல் நிறம் கையில் இருந்தும் அதை விட்டுவிட்டார்.

அப்புறம் 1921, 22இல் 'போர்' என்று ஏழு வுட்கட்டுகள். அவருடைய இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தவன். போருக்குப் போக அவன் அனுமதி கேட்டபோது அவனுக்காகக் கணவரிடம் பேசியவர் இவர்தான். அந்த ஏழில் பெற்றோரைப் பற்றிய தாள் ஒன்று உண்டு. இருவர் மண்டியிட்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். எங்கே அவர் உடம்பு முடிகிறது, எங்கே இவர் உடம்பு தொடங்குகிறது என்று தெரியாது, ஒரே கருப்பு மேடு. முகம் இல்லை. ஒரு கை மட்டும் முகத்தை மூடியபடி. கண்ணீர் வரைந்திருந்தால் நாம் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருப்போம்.

5 மே, இரவு

"ஜெர்மன்காரம்மா கதை நமக்கு எதற்கு?" என்கிறார் ஒருவர். ஷாங்காயில் சீன எழுத்தாளர் லூ சுன் அப்படிக் கேட்கவில்லை. 1931இல் அவருக்குத் தெரிந்த இளம் எழுத்தாளர் ரோ ஷி சுட்டுக் கொல்லப்பட்டபோது, கோல்விட்ஸின் அதே வரிசையிலிருந்து ஒரு தாய் தன் குழந்தையை நீட்டிப் பிடித்திருக்கும் படத்தைத்தான் பத்திரிகையில் போடக் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இளைஞர்களுக்கு ஜப்பானியர் ஒருவரைக் கொண்டு மரச்செதுக்குப் பயிற்சியும் வைத்தார். மரத்தில் அச்சடிப்பதைச் சீனர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, துன்ஹுவாங்கில் கிடைத்த வைர சூத்திரம் 868ஆம் ஆண்டு அச்சு. ஆனாலும் பழைய கைத்தொழிலில் புதிய கோபத்தை ஏற்ற ஒரு ஜெர்மன் அம்மாளின் பலகை வேண்டியிருந்தது. ஊர் பேர் பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

8 மே

மேலே 4ஆம் தேதி எழுதியதைப் படித்தால், வெட்டுகிறவரின் கை நேராகப் பேசுகிறது என்பதே முழுக்கதை என்று தோன்றும். அதைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறேன்.

ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் 'அபோகலிப்ஸ்' வரிசை (பைபிளின் உலகமுடிவுக் காட்சிகள்) 1498. நான்கு குதிரை வீரர்கள் பாய்ந்து வரும் அந்தத் தாளைப் பார்த்தால் பலகையே நடுங்குவதுபோல இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் ஓவியர் பலகையில் கோடு வரைந்து கொடுப்பார், அதை வெட்ட வேறு தொழிலாளி இருப்பார். வரைந்த கருப்புக் கோட்டை மிச்சம் வைத்துச் சுற்றியுள்ள மரத்தை எல்லாம் தோண்டி எடுப்பது அவர் வேலை. ஜப்பானிலும் அதே ஏற்பாடுதான். ஹொகுசாயின் பேரலைப் படத்தில் ஹொகுசாய் உளி பிடிக்கவில்லை. வரைபவர், செதுக்குபவர், அச்சடிப்பவர், பணம் போடும் பதிப்பாளர் என்று நாலு பேர் கூட்டு. அந்த அலையின் நுனியில் நகம் நகமாகப் பிரியும் நுரையைச் செர்ரி மரத்தில் வெட்டிய ஆளின் பெயர் நமக்கு வரவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

ஆக, "ஓவியனின் ஆவேசம் உளி வழியாக இறங்குகிறது" என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோகன், முங்க் போன்ற ஓவியர்கள் தாமே வெட்டத் தொடங்கிய பிறகு வந்த பேச்சு. 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கூடிய 'பாலம்' ஓவியர் குழு அதைக் கொடியாகவே பிடித்தது. அவர்களில் ஒருவரான கிர்க்னர் குழுவின் கொள்கை அறிக்கையையே 1906இல் மரத்தில்தான் வெட்டினார்.

அப்படியென்றால் ட்யூரருக்கு வலு எங்கிருந்து வந்தது? கோட்டில் இருந்து. தொழிலாளி வெட்டினாலும் மழுப்ப முடியாது என்பது வரைகிறவருக்குத் தெரியும், தெரிந்தே வரைந்தார். சாய்வதற்கான முடிவைப் பலகைக்கு முன்பே எடுத்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே கையா, முடிவா என்று கேட்டால் நான் முடிவு பக்கம். கை இரண்டாவது.

8 மே, கொஞ்ச நேரம் கழித்து

இவ்வளவு பெரிய பேச்சுக்கு நடுவில் என் அக்கா மகன் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பலகையில் அழகாக "வேலூர்" என்று நேராகவே வெட்டிவிட்டான். அச்சடித்ததும் ஊர் திரும்பிக்கொண்டது. "ஆம்புலன்ஸ்ல இப்படித்தானே எழுதுவாங்க, முன்னால போற வண்டிக் கண்ணாடியில சரியாத் தெரியும்" என்கிறான். சி.எம்.சி. இருக்கிற ஊர், மறுத்துப் பேசவும் முடியவில்லை.

11 மே

லினோவா மரமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

லினோ என்பது லினோலியம், தரையில் விரிக்கும் தகடு. அது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி வெட்டும். மரம் அப்படி இல்லை, ரேகை உண்டு. எங்கள் பக்கத்தில் தேர் வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் என் உளியைக் காட்டினேன். இலுப்பையிலும் வேங்கையிலும் அரை அடி ஆழம் குடைகிறவர். என் உளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ரேகையோட போ, குறுக்க போனா நிதானமாப் போ, எதிர்ல போனா பிச்சுக்கும்" என்றார். அவருக்கு அது பிழை தவிர்க்கும் வழி. வுட்கட் செய்கிறவருக்கு அதுவே சில சமயம் தேவை. சிலாம்பு பிய்ந்து வந்த இடம் அச்சில் கிழிந்த வெள்ளையாக விழும். கிர்க்னர் படங்களில் முகத்தின் ஓரங்கள் அப்படித்தான் முள்ளாக நிற்கும்.

முங்க் இன்னும் ஒரு படி போனார். 1890களின் கடைசியில் அவர் செய்த 'முத்தம்' என்ற வுட்கட்டில் பின்னணி முழுக்க வெறும் பலகையின் ரேகைதான், எதுவும் வெட்டவே இல்லை. மை பூசினார், ஒற்றினார், மரமே மழைபோல இறங்கியது. நடுவில் கட்டிப்பிடித்திருக்கும் இருவர் தட்டையான ஒரே கருப்பு உருவம். பலகையை ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மை பூசி, மறுபடி சேர்த்து வைத்து ஒரே தடவையில் அச்சடிப்பதும் அவர் வழக்கம்.

லினோவில் இது நடக்காது. அதற்காக லினோவுக்கு வலு கிடையாது என்று யாராவது சொன்னால் வங்க ஓவியர் நந்தலால் போஸின் 1930 காந்தியைக் காட்டுவேன். தண்டி யாத்திரை. கருப்பு மேல் வெள்ளைக் கோடு, கையில் தடி, ஒரு கால் முன்னால். அது லினோகட்தான். முன்னால் வைத்த அந்தக் காலை ரேகை தடுக்கவும் இல்லை, தாங்கவும் இல்லை.

ஊர்ப்பக்கம் பலகை தேடுகிறவர்களுக்கு: தேக்கு வேண்டாம், விலையும் அதிகம், ரேகையில் கடினமும் மென்மையும் மாறி மாறி வரும். நன்றாகக் காய்ந்த மாம்பலகை மரவாடியில் கேட்டால் கிடைக்கும். குமிழ் கிடைத்தால் விடாதீர்கள். மலிவு ப்ளைவுட்டில் மேல் தகடு மெல்லியது, அதைத் தாண்டினால் அடியில் இருக்கும் சக்கை பொடிப்பொடியாக உதிரும்.

14 மே

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கலை அந்நியம் என்று ஒருவர் எழுதியிருப்பதை நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். பழைய வட ஆற்காட்டில் செங்கம் பக்கம் நடுகற்களைப் பார்த்திருக்கிறாரா?

பார்க்காதவர்களுக்கு: பல்லவர் காலத்துக் கற்கள் நிறைய. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்த வீரனுக்கு ஊரார் நட்ட கல். மேலே வட்டெழுத்து, கீழே உருவம். ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகளும் உண்டு. எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கும், திருடர்களைக் கடித்து அவனருகே காவல் நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாய்க்கும். நாய்க்குப் பெயரும் போட்டு உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். மல்லை சிற்பிகளின் மெருகு இதில் துளியும் இல்லை. உருவம் கல்லின் தளத்திலிருந்து விரலளவு எழுந்தால் அதிகம். கால் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும், விரல்கள் கணக்குக்குத்தான். ஆனால் வில் வளைந்திருக்கும் விதத்தில் ஒரு தயக்கமும் கிடையாது. மேலே நான் 'சாய்வது' என்று சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். செதுக்கியவருக்கு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது தெரிந்திருந்தது.

இதற்கும் அச்சுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கல்வெட்டுப் படியெடுக்கும் வேலையை நேரில் பார்த்தவர்களுக்குப் புரியும். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். லேசாகக் காய்ந்ததும் மைப்பொதியால் மேலே ஒற்றுவார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. கருப்புத் தாளில் வெள்ளை எழுத்து. வுட்கட்டின் சித்தாந்தம் அத்தனையும் அந்த ஒரு தாளில் இருக்கிறது: மேடு கருப்பு, பள்ளம் வெள்ளை.

ஒரே ஒரு வேறுபாடு. பலகையில் மை பூசி அதன்மேல் தாளை வைத்தால் படம் இடம் வலம் மாறும். கல்லில் தாளை வைத்து வெளிப்பக்கம் மை ஒற்றுவதால் மாறாது, நேராகவே படிக்கலாம். (அக்கா மகன் கவனத்துக்கு. அவன் கல்லில் வெட்டியிருந்தால் தப்பித்திருப்பான்.)

ஒரு நாள் நடுகல் உருவத்தின் படி ஒன்றை விரித்துக் காட்டினார்கள். கல்லில் பார்த்தபோது பாசியும் வெயிலும் உருவத்தைத் தின்றிருந்தன. தாளில் வீரன் கருப்பாக எழுந்து நின்றான், சுற்றிலும் உளி கொத்திய புள்ளிகள் வெள்ளை வெள்ளையாக. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் வந்த மரக்கட்டைப் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இது அவற்றின் பெரியப்பா என்றுதான் தோன்றியது.

15 மே

எடுத்தனூர் வேலூரில் இல்லை, திருவண்ணாமலையில் இருக்கிறது என்று திருத்துகிறவர்களுக்கு: அதனால்தான் "பழைய வட ஆற்காடு" என்று போட்டேன். 1989இல்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2019இல் மிச்சத்தையும் மூன்றாக்கிவிட்டார்கள். நடுகல் எந்த கலெக்டர் ஆபீஸுக்கும் மனு கொடுக்கவில்லை.

19 மே

ஒரு இடறல். கருப்பு வெள்ளை மோதலே வலு என்று நம்மில் பாதிப் பேர் முடிவுகட்டிவிட்டோம். வங்கக் கலைஞர் சோம்நாத் ஹோர் அதற்கு இடிக்கிறார்.

1921இல் பிறந்தவர், 1943 வங்கப் பஞ்சத்தை இளைஞனாக நேரில் பார்த்தவர். 1946இல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு வங்கக் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டத்தில் ஊர் ஊராகப் போய் வரைந்தார். அதிலிருந்து வந்த வுட்கட்டுகளில் தலைப்பாகையும் தடியும் இரவு வெளிச்சமும் கட்டைக் கருப்பில் நிற்கும். எல்லாம் நாம் பேசிக்கொண்டிருந்தபடிதான்.

ஆனால் 1970களில் 'காயங்கள்' என்று ஒரு வரிசை செய்தார். மையே கிடையாது. களிமண் தட்டில் கத்தியால் கீறி, குத்தி, சுட்டு, அதைச் சிமெண்டில் அச்சாக எடுத்து, அதன்மேல் காகிதக் கூழை ஊற்றி உரித்தார். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைத் தழும்பு. பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். பார்ப்பவருக்குத் தன் தோலைத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

கருப்பை எடுத்துவிட்ட பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது: ஒரு கருவி ஒரு பரப்புக்குள் போனது, போனதை மறைக்கவில்லை. வுட்கட்டிலும் அடியில் ஓடுவது அதுதானோ என்று இப்போது யோசிக்கிறேன். கருப்பு அதைத் தூரத்திலிருந்தும் தெரியவைக்கிறது. 8ஆம் தேதி "முடிவுதான் முதல், கை இரண்டாவது" என்று எழுதினேன். ஹோரைப் பார்த்தபின் அந்த வரிசையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மனம் வரவில்லை. அழிக்கவும் இல்லை, அங்கேயே இருக்கட்டும், சண்டை போட வசதியாக இருக்கும்.

22 மே

கேள்வி கேட்ட காட்பாடிக்காரர் ஒரு பலகை வெட்டி அனுப்பியிருக்கிறார்! பாலாற்றுப் பாலம். அவருடைய கட்சி மாறவில்லையாம், "சும்மா பார்த்தேன்" என்கிறார். சும்மா பார்த்தவர் வானத்தை ஏன் முழுக் கருப்பாக விட்டார்? போன் அப்படிச் செய்யாது. தண்ணீர் இல்லாத ஆற்று மணலை வெறும் வெள்ளையாகக் காலிசெய்திருக்கிறார், பாலத்துத் தூண்கள் பல்வரிசை போல நிற்கின்றன. எனக்குப் பிடித்தது. வலது மூலையில் இருக்கும் பேருந்து மட்டும் வேண்டாம், அதில் ஜன்னல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நம் ஊர் வுட்கட்டுக்குத் தோதான ஊர் என்று இதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கத்திரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு நம் குன்றுகளைப் பாருங்கள். உருட்டிக் கொட்டிய பாறைகள், ஒவ்வொன்றின் அடியிலும் கெட்டியான நிழல், இடையில் எதுவும் இல்லை. பெங்களூருக்காரர்கள் இதை வெட்ட முடியாது, அவர்களுக்கு மேகம் வந்துவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் பெரிய மர உருளைகள் இன்னொன்று. ஆள் உயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய், ஈரத்தில் கருத்த பலகை, இரும்புப் பட்டை, முன்னால் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கும் மனிதர். மரத்தில் வெட்டிய மர உருளை. யாராவது செய்யுங்கள்.

27 மே

இந்த வெயிலில் மை பற்றிக் கேட்டவர்களுக்கு. ஆஃப்செட் மை மே மாதத்தில் இளகிவிடும், மெல்லிய வெட்டுகளுக்குள் ஓடி அடைத்துக்கொள்ளும். மெக்னீசியம் கார்பனேட் பொடி கொஞ்சம் கலந்தால் இறுகும். ரோலரில் மெல்லிசாக எடுங்கள், ஒரு தடவை தடிமனாகப் பூசுவதைவிடப் பல தடவை மெல்லிசாகப் பூசுவது மேல். பிரஸ் வேண்டியதில்லை. தாளை மேலே போட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் போதும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளுத்த இடத்தில் மறுபடி தேய்க்கலாம்.

பலகையை மொட்டைமாடியில் காயவைக்காதீர்கள், ஒரே மதியத்தில் வளைந்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கட்டிலுக்கு அடியில் படுக்கை வசத்தில் வையுங்கள். தாள் இரண்டு மூன்று நாளாவது கொடியில் தொங்கட்டும். அதற்குள் ஃப்ரேம் கடைக்கு ஓடினால் கண்ணாடியில்தான் படம் இருக்கும்.